பாண்டாவும் மூங்கிலும்: குமரி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில் வந்த பாண்டாக் கட்டுரையைப் படித்துவிட்டுக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடிக்கடி திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறோம். அங்கே பாண்டா ஏன் இல்லை? வண்டலூருக்காவது கொண்டுவரக் கூடாதா?
– ஆசிரியை, நாகர்கோவில்

இந்தியாவில் எந்த உயிரியல் பூங்காவிலும் பாண்டா இல்லை. அது காசு கொடுத்து வாங்கக்கூடிய விலங்கு அல்ல. 1972-ல் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் சீனா ஆளுக்கொரு ஜோடியைப் பரிசாகக் கொடுத்தது. பரிசாகக் கொடுக்கும் வழக்கம் 1980-களில் நின்றுபோய், வாடகைக்குக் கொடுப்பது தொடங்கியது. இப்போது பெரும்பாலும் பத்தாண்டு ஒப்பந்தம்தான். அமெரிக்கப் பூங்காக்கள் ஒரு ஜோடிக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை செலுத்தி வந்திருக்கின்றன. அங்கே குட்டி பிறந்தாலும் அது சீனாவுக்கே சொந்தம். பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

வாடகையோடு செலவு முடிவதில்லை. குளிரூட்டிய கட்டடம் வேண்டும், மின்சாரம் போனால் உடனே ஓடத் தொடங்கும் மாற்று ஏற்பாடு வேண்டும், ஒருநாள்கூடத் தவறாமல் பசுமையான மூங்கில் வேண்டும், பாண்டாவைப் பற்றிப் பயிற்சி பெற்ற மருத்துவரும் பராமரிப்பாளர்களும் வேண்டும். இவ்வளவும் செய்தாலும் அந்த ஜோடி குட்டி போடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பூங்காவில் 2011 முதல் 2023 வரை ஒரு ஜோடி இருந்தது. பலமுறை செயற்கைக் கருவூட்டல் செய்தும் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். அவ்வளவு பணம் நம்மிடம் இருந்தால் அது போகவேண்டிய இடங்கள் வேறு. சிங்கவால் குரங்கும் வரையாடும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லை. திருவனந்தபுரத்துக்குப் போகும்போது சிங்கவால் குரங்கின் கூண்டருகே பிள்ளைகளைக் கூடுதலாகப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். பாண்டாவுக்குச் சீனா எப்படியோ, அந்தக் குரங்குக்கு நம் மலை அப்படி.

மகன் கத்தாரில் வேலை பார்க்கிறான். அங்கே பாண்டா பார்த்ததாகப் படம் அனுப்பியிருந்தான். பனிமலை விலங்கு பாலைவனத்தில் எப்படிப் பிழைக்கிறது?
– வாசகர், கருங்கல்

படம் உண்மைதான். 2022 அக்டோபரில், உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன்னால், ஒரு ஜோடி கத்தாருக்கு வந்தது. மேற்காசியாவுக்கு வந்த முதல் பாண்டாக்கள் அவை. அல்கோர் பூங்காவில் அவற்றுக்கென்றே ஒரு கட்டடம் எழுப்பி, சுஹைல், துரையா என்று அரபுப் பெயரும் வைத்தார்கள்.

பாண்டாவின் உடம்பில் அடர்ந்த, எண்ணெய்ப்பசையுள்ள கம்பளி போன்ற ரோமம் இருக்கிறது. குளிர் அதற்குப் பிரச்சினையே இல்லை, பனிக்காலம் முழுவதையும் உறங்கிக் கழிப்பதும் இல்லை. வெப்பம்தான் அதற்கு எதிரி. 25 டிகிரியைத் தாண்டும்போதே பூங்காக்காரர்கள் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள். மூச்சு வேகமாகும், தீனி குறையும், எந்நேரமும் குளிர்ந்த தரையில் படுத்தே கிடக்கும். அதனால் கத்தார், சிங்கப்பூர் போன்ற இடங்களில் அதன் வாழ்க்கை முழுக்கக் குளிரூட்டிய கூடத்துக்குள்தான். நம் ஊர் மாசி, பங்குனி வெயிலும் அதற்குத் தாங்காது. காற்றில் ஈரப்பதம் கூடியிருப்பதால் உடம்புச் சூடு வெளியேறுவது இன்னும் கடினம்.

கூடத்தைக் குளிரவைப்பதைவிடச் சிரமமானது தீனி. கத்தாருக்கு வாரத்துக்குச் சுமார் 800 கிலோ மூங்கில் விமானத்தில் வரும் என்று அப்போது அறிவித்தார்கள். அடுத்த கேள்விக்கான பதிலைப் படித்தால் அவ்வளவு எதற்கு என்று புரியும்.

எங்கள் மலையோரத்தில் மூங்கில் தாராளமாக வளர்கிறது. இதை வெட்டிப் போட்டால் பாண்டா தின்னுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? கரடி இனம் என்கிறீர்கள், பிறகு ஏன் மூங்கில்?
– விவசாயி, குலசேகரம்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். பாண்டா கரடிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் குடலும் இறைச்சி தின்னும் விலங்கின் குட்டையான குடல்தான். மாட்டுக்கு இருப்பதுபோல நான்கு அறையுள்ள வயிறு இல்லை, அசைபோடவும் தெரியாது. மூங்கிலின் நாரை உடைக்கும் திறன் மிகக் குறைவு. தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. மீதி அரை நாளுக்குள் பச்சை நிறம் மாறாமலேயே வெளியே வந்துவிடும். இந்தக் குறையை அது இரண்டு வழியில் ஈடுகட்டுகிறது. ஒன்று, ஒரு நாளில் பத்து முதல் பதினான்கு மணி நேரம் தின்றுகொண்டே இருப்பது. மற்றொன்று, சக்தியைச் செலவழிக்காமல் இருப்பது. அதே எடையுள்ள வேறு பாலூட்டி செலவிடும் சக்தியில் சுமார் 38 சதவீதம்தான் பாண்டா செலவிடுகிறது என்று 2015-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதன் தைராய்டு சுரப்பே அந்த அளவுக்குக் குறைவு. பார்ப்பவர்கள் சோம்பேறி என்பார்கள். அந்தச் சோம்பல் இல்லாவிட்டால் மூங்கிலை மட்டும் நம்பி அது பிழைக்க முடியாது.

அளவு, எந்தப் பாகத்தைத் தின்கிறது என்பதைப் பொறுத்தது. இலையும் தண்டும் என்றால் 12 கிலோவை ஒட்டி. நீர் நிறைந்த குருத்து என்றால் 38 கிலோ வரை போகும். ஆனால் தின்னும் அளவை மட்டும் கணக்கிட்டு வெட்டினால் பூங்கா திண்டாடிப் போகும். பாண்டா பொறுக்கித் தின்னும் விலங்கு. ஒரு கட்டு மூங்கிலை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே தள்ளிவிடும். நேற்று ஆசையாகத் தின்ற இனத்தை இன்று தொடாது. ஆகவே தின்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு போடவேண்டும், ஒரே வேளையில் இரண்டு மூன்று இனங்களைக் கலந்து போடவேண்டும். வெட்டிய மூங்கிலை அடிப்பாகம் தண்ணீரில் நிற்க, குளிர்ந்த அறையில், மேலே நீர்த்துளி தெளித்தபடி வைப்பார்கள். இலை சுருளத் தொடங்கினால் பாண்டா தொடாது. சாலையோரப் புகை படிந்ததையும் பூச்சிமருந்து தெளித்ததையும் வெட்டக் கூடாது.

காட்டில் இந்தப் பொறுக்குதலுக்குக் காரணம் உண்டு. இளவேனிலில் தாழ்ந்த மலைச்சரிவில் குருத்து முளைக்கும்போது அங்கே இருக்கும். அது முற்றியதும், குருத்து தாமதமாக முளைக்கும் உயரத்துக்கு ஏறும். பிறகு இலைக்கு மாறும். குருத்தில் புரதச் சத்து அதிகம், இலையில் சுண்ணாம்புச் சத்து அதிகம். ஆண்டு முழுவதும் ஒரே பாகத்தைத் தின்றால் ஏதாவது ஒன்று குறைந்துவிடும். பூங்காவிலும் பருவத்துக்கு ஏற்பப் பாகத்தை மாற்றிக் கொடுப்பது இதனால்தான்.

உங்கள் மலையோர மூங்கில் வேறு இனம். சீன மலைகளில் பாண்டா தின்பவை பெரும்பாலும் விரல் பருமனே உள்ள, மலைக்குளிரில் வளரும் இனங்கள். நம் முள்மூங்கிலின் முற்றிய தண்டை அது கடிக்க மாட்டாது. இளங்குருத்தை ஒருவேளை தின்னும். ஒன்றில் மட்டும் இரண்டும் ஒன்று: முள்மூங்கில் பல பத்தாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, மூங்கிலரிசி உதிர்த்து, அப்படியே காய்ந்துபோகும் அல்லவா? சீன மூங்கில்களும் அப்படித்தான். 1970-களின் நடுவில் மின்ஷான் மலைகளில் ஒரே வீச்சில் மூங்கில் பூத்துக் காய்ந்தபோது 138 பாண்டாக்களாவது இறந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். முன்காலத்தில் ஒரு மலையில் மூங்கில் காய்ந்தால் பாண்டா அடுத்த மலைக்குப் போய்விடும். நடுவில் வயலும் சாலையும் ஊரும் வந்தபிறகு போக வழியில்லாமல் போயிற்று.

முன்பு பல பூங்காக்களில் மூங்கில் தட்டுப்பாட்டுக்குக் கஞ்சி, பால், சர்க்கரை என்று கொடுத்துப் பழக்கினார்கள். பல் கெட்டது, வயிறு கெட்டது. குடலின் உள்பூச்சு சளிபோல் திரண்டு வெளியேறுவது பாண்டாவுக்கு இயல்பாகவே உண்டு. அது வரும் நாளில் வயிற்றுவலியோடு சுருண்டு படுத்திருக்கும், எதையும் தின்னாது. நார்ச்சத்துக் குறைந்த தீனி கொடுத்தால் இது அடிக்கடி வந்து எடை சரியும். இப்போது ஆப்பிள், கேரட், தானிய மாவில் அவித்த கட்டி ஆகியவை மிகச் சிறிய அளவில், பெரும்பாலும் பயிற்சிக்கான பரிசாக மட்டும்.

100 கிலோ தாய்க்கு 100 கிராம் குட்டி என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப் பிழைதானே?
– இல்லத்தரசி, தக்கலை

பிழை இல்லை. பிறக்கும்போது எடை 90 முதல் 130 கிராம், ஒரு வெண்ணெய்க் கட்டி அளவு. தாயின் எடையில் ஏறக்குறைய 900-ல் ஒரு பங்கு. உடம்பில் ரோமம் இருந்தும் இல்லாததுபோல இருக்கும். இளஞ்சிவப்புத் தோல், மூடிய கண். கண் திறக்க ஆறேழு வாரம் ஆகும். நடக்கத் தொடங்க மூன்று மாதத்துக்கு மேல்.

இவ்வளவு சிறிய குட்டிக்கு உடம்புச் சூட்டைத் தானாகக் காக்கத் தெரியாது. தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது, தாய் நக்கிவிட்டால்தான் வெளியேறும். எனவே முதல் சில நாள் தாய் இரை தேடவும் போகாமல், தண்ணீரும் குடிக்காமல், குட்டியை மார்போடு அணைத்தபடியே உட்கார்ந்திருக்கும். இங்கேதான் சிக்கல். பிரசவங்களில் ஏறக்குறைய பாதி இரட்டைக் குட்டிகள். தாய்க்கு ஒன்றைத்தான் ஏந்த முடியும். காட்டில் மற்றொன்றைக் கீழே விட்டுவிடும், அது இறந்துவிடும். தாயைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மூங்கிலில் கிடைக்கும் சத்துக்கு ஒரு குட்டிக்குப் பாலூட்டுவதே பெரும்பாடு.

சீனாவின் செங்டு, வோலாங் பாண்டா இனப்பெருக்க நிலையங்கள் 1990-களிலிருந்து இதற்கு ஒரு வழியைச் செம்மைப்படுத்தின. ஒரு குட்டி தாயிடம், மற்றது மனிதக் குழந்தைக்கு வைப்பதுபோன்ற அடைகாப்புப் பெட்டியில். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றிவிடுவார்கள். செய்முறை கேட்க எளிது. தாய்க்குப் பழக்கமான பராமரிப்பாளர் ஒருவர் கம்பிக்கு வெளியே தேன் கலந்த நீரைக் கிண்ணத்தில் நீட்டுவார். அது இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடிக்கும் நொடியில் குட்டியை எடுத்து, மற்றதை வைத்துவிட வேண்டும். அதற்குமுன், வைக்கப்போகும் குட்டியின் மேல் தாயின் மணம் இருக்கவேண்டும். கையுறையின் மணமோ சோப்பின் மணமோ ஒட்டியிருந்தால் தாய் ஏற்காமல் போகலாம். தாய் பதற்றமாக இருந்தால் அந்த வேளையை விட்டுவிட வேண்டும். கட்டாயப்படுத்தினால் கையிலிருக்கும் குட்டியையே அழுத்திவிடும்.

பெட்டியில் இருக்கும்போது வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் வயிற்றின் அடியைத் தடவித் தடவிச் சிறுநீர் கழிக்க வைப்பார்கள். பசுவுக்குச் சீம்பால் ஓரிரு நாளில் நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாண்டாவின் பாலோ ஏறக்குறைய ஒரு மாதம் வரை மெல்ல மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் டப்பாப் பாலில் மட்டும் வளர்த்த குட்டிகள் முன்பு நோய்க்கு இரையாயின. இரண்டு குட்டிகளுக்கும் தாய்ப்பால் கிடைக்கச் செய்ததே நிலைமையை மாற்றியது. வாஷிங்டன் பூங்காவின் லிங் லிங் 1980-களில் ஐந்து குட்டி ஈன்றும் ஒன்றுகூடச் சில நாளைத் தாண்டவில்லை. இன்று சீன நிலையங்களில் இரட்டைக் குட்டிகள் இரண்டும் பிழைப்பது வழக்கமாகிவிட்டது.

ஆண்டுக்கு மூன்றே நாள்தான் கருத்தரிக்க முடியும் என்கிறார்களே, அந்த நாளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

சிறுநீரை வைத்துத்தான். பெண் பாண்டா இளவேனிலில் ஒரே ஒருமுறை பருவத்துக்கு வரும், கருத்தரிக்கக்கூடிய நேரம் 24 முதல் 72 மணி வரை. பருவம் நெருங்கும்போது தீனி குறையும், தண்ணீரில் போய் உட்காரும், பின்பக்கமாக நடக்கும், ஆடுபோலக் கத்தும். இந்த அடையாளங்கள் போதாது. கூண்டுத் தரையில் தேங்கும் சிறுநீரை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்து, நாள்தோறும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்புநீரின் அளவைப் பார்ப்பார்கள். அது உச்சிக்கு ஏறி, பிறகு சரியத் தொடங்கியதும் முட்டை வெளியாகிவிட்டது என்று பொருள். உடனே ஆணோடு சேரவிட வேண்டும். சேராவிட்டால் மயக்கமருந்து கொடுத்து, புதிதாக எடுத்த விந்தையோ மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் உறையவைத்த விந்தையோ கருப்பைக்குள் செலுத்த வேண்டும். இந்த முறையில் முதல் குட்டி 1978-ல் பெய்ஜிங் பூங்காவில் பிறந்தது.

அடுத்த தடுமாற்றம், கரு தரித்ததா என்று தெரியாதது. கருமுட்டை கருப்பையில் ஒட்டாமல் வாரக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அதனால் கர்ப்பகாலம் 95 நாளிலிருந்து 160 நாள் வரை எப்படியும் நீளலாம். கரு இல்லாவிட்டாலும் உடம்பு கர்ப்பம்போலவே நடிக்கும். சுரப்புநீர் ஏறும், கூடு கட்டும், சோர்ந்து படுக்கும். ஸ்கேன் கருவியில் சிசு தெரிவது கடைசி இரண்டு மூன்று வாரத்தில்தான்.

செயற்கை முறை எளிது என்று அதையே நம்பியதில் இன்னொரு தவறும் நடந்தது. நன்றாக இனப்பெருக்கம் செய்யும் சில ஆண்களின் வாரிசுகளே பெருகிவிட்டன. 2016-ல் 31 வயதில் இறந்த பான் பான் என்ற ஆணுக்கு 130-க்கு மேல் வாரிசுகள். அப்போது கூண்டில் வாழ்ந்த பாண்டாக்களில் ஏறக்குறைய கால்பங்கு அதன் வம்சம். இப்போது வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்து, உறவு நெருக்கம் குறைந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏட்டுக்குப் பொருந்தும் ஜோடி ஒன்றையொன்று வெறுக்கவும் கூடும். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று விரும்பினால் குட்டி பிறக்கும் வாய்ப்பு பன்மடங்கு கூடுகிறது என்று 2015-ல் ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டிவிட்டது. ஹாங்காங்கின் ஓஷன் பார்க்கில் பத்தாண்டு முயன்றும் சேராத ஒரு ஜோடி, 2020 ஏப்ரலில் பூங்கா மூடிக்கிடந்தபோது சேர்ந்தது. அதே பெண் 2024 ஆகஸ்ட்டில், 19 வயதை நெருங்கும்போது, இரட்டைக் குட்டி ஈன்றது.

பாண்டாவுக்கு ஏன் கறுப்பு வெள்ளை?
– ஆறாம் வகுப்பு மாணவி, குளச்சல்

வெள்ளைப் பாகம் பனியோடு கலந்துவிடும். கறுப்புப் பாகம் மர நிழலோடு கலந்துவிடும். தூரத்திலிருந்து பார்க்கும் சிறுத்தைக்குப் பாண்டா எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. காதிலும் கண்ணைச் சுற்றியும் உள்ள கறுப்பு, ஒன்றையொன்று அடையாளம் காண உதவுகிறது என்று நினைக்கிறார்கள். சீனாவின் சின்லிங் மலையில் மரப்பட்டை நிறத்திலும் மிக அபூர்வமாகப் பாண்டா பிறப்பதுண்டு. 2009-ல் குட்டியாகக் கிடைத்த சீசாய் அப்படிப்பட்டது.

கூண்டில் பிறந்த பாண்டாக்களைக் காட்டில் விட்டால் வேலை முடிந்தது. ஏன் விடுவதில்லை?
– வாசகர், பூதப்பாண்டி

விட்டுப் பார்த்தார்கள். சியாங் சியாங் என்ற ஆணுக்கு மூன்றாண்டு பயிற்சி கொடுத்து 2006 ஏப்ரலில் வோலாங் காட்டில் விட்டார்கள். மூங்கில் தேடத் தெரிந்திருந்தது, உறங்க இடம் தேடத் தெரிந்திருந்தது. 2007 பிப்ரவரியில் அதன் உடலைக் கண்டெடுத்தார்கள். காட்டு ஆண்களோடு நடந்த சண்டையில் காயப்பட்டு விழுந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். மனிதரிடம் வளர்ந்த ஆணுக்கு, தன்னைவிட வலியதைக் கண்டால் விலகிப்போகக் கற்றுக்கொடுக்க ஆளில்லை.

அதன்பிறகு முறையையே மாற்றினார்கள். இப்போது குட்டிக்கு ஆசிரியர் தாய்தான். கர்ப்பமான பெண்ணை மலைக்காட்டில் வேலியிட்ட பெரிய பரப்பில் விடுகிறார்கள். அங்கேயே ஈனும், அங்கேயே வளர்க்கும். எடை பார்க்கவோ நோய் பார்க்கவோ போகும் ஆட்கள் பாண்டாவின் சிறுநீரும் சாணமும் பூசிய பாண்டா உடையைப் போட்டுக்கொண்டு போவார்கள். மனித முகத்தையும் மணத்தையும் குட்டி பழகிவிடக் கூடாது. சிறுத்தைப் பொம்மையும் உறுமல் ஒலியும் வைத்துச் சோதிப்பார்கள். ஓடி மரமேறாத குட்டிக்கு விடுதலை இல்லை. இப்படி வளர்ந்த தாவ் தாவ் 2012 அக்டோபரில் லிசிபிங் காப்பகத்தில் விடப்பட்டது. 2017-ல் பிடித்துப் பார்த்தபோது நலமாக இருந்தது. இதுவரை பத்துக்கு மேற்பட்டவை விடப்பட்டு, பெரும்பாலானவை பிழைத்திருக்கின்றன.

காட்டில் விட்டவற்றின் எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருக்க இன்னொரு காரணம், எங்கே விடுவது என்பது. ஏற்கெனவே பாண்டா நிறைந்த காட்டில் விட்டால் சண்டை. அவை குறைந்து அழியப்போகும் சிறு காடுகளில்தான் புது இரத்தம் தேவை. லிசிபிங்கைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். விடுவதற்கு முன்பு நோய்ச் சோதனையும் கண்டிப்பு. வயிற்றுப் புழு காட்டுப் பாண்டாவைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று. நாயிடமிருந்து வரும் டிஸ்டெம்பர் வைரஸ் 2014-15 குளிர்காலத்தில் ஷான்சி மாநில மீட்பு மையத்தில் புகுந்து சில பாண்டாக்களைக் கொன்றது. காட்டோரக் கிராமத்து நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது இப்போது பாண்டாப் பாதுகாப்பின் ஒரு பகுதி. நம் மலையோரத்திலும் வளர்ப்பு நாய்க்கு ஊசி போடுகிறவர்கள், தங்களுக்குத் தெரியாமலே செந்நாய்க்கும் நல்லது செய்கிறார்கள்.

பாண்டா அபாயக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று படித்தேன். அப்படியானால் இனிக் கவலை இல்லையா?
– ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, கீரிப்பாறை

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016-ல் பாண்டாவை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற படியிலிருந்து 'பாதிக்கப்படக்கூடியது' என்ற ஒரு படி மேலே வைத்தது. அவ்வளவுதான். 1980-களின் கணக்கெடுப்பில் 1,114, அடுத்ததில் 1,596, 2015-ல் வெளியான நான்காம் கணக்கெடுப்பில் 1,864. ஒன்றரை வயதுக்குக் குறைந்த குட்டிகள் இதில் சேரவில்லை.

காட்டில் பாண்டாவைக் கண்ணால் பார்த்து எண்ணுவதில்லை, சாணத்தை வைத்து எண்ணுகிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மலையை வரிசையாக நடந்து கடப்பார்கள். சாணத்தில் கிடக்கும் மூங்கில் துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரே நீளத்தில் கடிக்கப்பட்டிருக்கும், அது அந்தப் பாண்டாவின் பல்லளவு. இரண்டு இடத்துச் சாணத்தில் கடி நீளம் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் இரண்டும் வேறு வேறு பாண்டா. சந்தேகம் வந்தால் டி.என்.ஏ. சோதனை.

எண்ணிக்கை கூடியதற்கு உண்மையான காரணம் கூண்டில் பிறந்த குட்டிகள் அல்ல. 1998-ல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபிறகு இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதைச் சீனா நிறுத்தியது. சரிவு நிலத்தில் பயிர் செய்வதை விட்டு மரம் நட்ட விவசாயிகளுக்கு 1999 முதல் தானியமும் பணமும் கொடுத்தது. காப்பகங்கள் 67 ஆயின. 2021-ல் அவற்றில் பலவற்றை இணைத்துச் சுமார் 22,000 சதுர கிலோமீட்டரில் தேசியப் பூங்கா அமைத்தது.

நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து பார்த்தால் மீதிப் பிரச்சினை எளிதில் விளங்கும். மேலே காடு, நடுவே ரப்பர், மறுபடி ஒரு துண்டுக் காடு, நடுவே சாலை. அந்த 1,864 பாண்டாக்களும் இப்படி 33 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கின்றன. பல துண்டுகளில் பத்துப் பாண்டாகூட இல்லை. அங்கே அண்ணன் தங்கைதான் இணைசேர வேண்டியிருக்கும். அல்லது மூங்கில் பூத்துக் காய்ந்த ஆண்டில் எல்லாம் முடிந்துவிடும். சின்லிங்கில் 108-ஆம் நெடுஞ்சாலையைச் சுரங்கப் பாதைக்குள் திருப்பிவிட்டு, மேலே கைவிடப்பட்ட பழைய சாலையில் மூங்கில் நட்டார்கள். பாண்டாக்கள் மறுபடி அதைக் கடந்து போகத் தொடங்கின.

பாண்டாவுக்காகக் காத்த காட்டில் மற்ற விலங்குகளும் தானாகப் பிழைக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் அது பொருந்தியது. 2020-ல் வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது: பாண்டாக் காப்பகங்கள் பலவற்றில் சிறுத்தை 81 சதவீத இடங்களிலிருந்தும், செந்நாய் 95 சதவீத இடங்களிலிருந்தும் மறைந்துவிட்டன. பாண்டாவுக்கு ஒரு சிறு மலைச்சரிவு போதும். செந்நாய்க்கூட்டத்துக்கு அது போதாது.

மகள் பதினொன்றாம் வகுப்பு. பாண்டா பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போவேன் என்கிறாள். என்ன படிக்கவேண்டும்?
– தாய், கொட்டாரம்

உயிரியல் பாடம் எடுத்திருக்கிறாளா என்று முதலில் பாருங்கள். மருத்துவர் வழி என்றால் கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி., ஏ.எச். படிப்பு, இறுதிப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. உங்களுக்கு மிக அருகில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் நீட். அதன்பிறகு சென்னை வேப்பேரியில் வனவிலங்கு அறிவியலில் முதுநிலைப் படிக்கலாம். மருத்துவம் வேண்டாம், ஆராய்ச்சி போதும் என்றால் விலங்கியலில் பி.எஸ்சி. முடித்து, மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல், அல்லது டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் எம்.எஸ்சி.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். குட்டியைக் கொஞ்சுவது அதில் கொஞ்சமும் இல்லை. காலையில் சாணத்தை அள்ளி எடைபோட்டு, அதில் இலை எவ்வளவு, தண்டு எவ்வளவு என்று பிரித்து எழுதுவது. மீந்த மூங்கிலை எடைபோட்டு, தின்றது எவ்வளவு என்று கணக்கிடுவது. இரும்புக் குழாய்க்குள் பாண்டா தானாகக் கையை நீட்டும்வரை மாதக்கணக்கில் ஆப்பிள் துண்டோடு பழக்குவது. அப்படிப் பழகிய பாண்டாவிடம் மயக்கமருந்தே இல்லாமல் இரத்தம் எடுக்கலாம். பொறுமையும் கணக்கும் பிடித்திருந்தால் அவளுக்கு இது நல்ல வேலை.

டார்ஜிலிங்கில் சிவப்புப் பாண்டா பார்த்தோம். அது இதன் குட்டி வகையா?
– வாசகர், இரணியல்

நெருங்கிய உறவு இல்லை. சிவப்புப் பாண்டா தனிக் குடும்பம். உண்மையில் பாண்டா என்ற பெயர் முதலில் அதற்குத்தான் இருந்தது. அதை 1825-லேயே பதிவு செய்துவிட்டார்கள், கறுப்பு வெள்ளைப் பாண்டாவை 1869-ல்தான். நீங்கள் பார்த்த பத்மஜா நாயுடு பூங்கா, 2003-லேயே கூண்டில் பிறந்த இரண்டு பெண் சிவப்புப் பாண்டாக்களைச் சிங்கலிலா காட்டில் விட்டது.

அடுத்த மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். பாண்டா எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். எப்போது போனால் விழித்திருக்கும்?
– வாசகி, குழித்துறை

அங்கே 2012-ல் வந்த காய் காய், ஜியா ஜியா ஜோடியும், 2021-ல் பிறந்து இப்போது சீனாவுக்குப் போய்விட்ட லே லேயும் புகழ்பெற்றவை. பூங்கா திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போங்கள். புதிதாக மூங்கில் போட்டதும் பாண்டா உட்கார்ந்து தின்பதைப் பார்க்கலாம். நடுப்பகலில் போனால் முதுகைத்தான் பார்ப்பீர்கள். அன்றைக்குத் தீனி போடும் நேரத்தை வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஃபிளாஷ் போடாதீர்கள், கண்ணாடியைத் தட்ட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நெருங்கி நின்றால் அதன் முன்கையைக் கவனியுங்கள்: ஐந்து விரலுக்கு எதிரே, மணிக்கட்டு எலும்பு வளர்ந்து ஆறாவது விரல்போல மூங்கிலைப் பிடித்திருக்கும்.